தலை தேய்ந்த டிஸ்க் போல்ட்: வீலை மாற்றாமலே கழற்றிய அனுபவம்

"அலாய் வீலோட சேர்த்து மாத்திருங்க சார், வேற வழியே இல்ல" என்று சர்வீஸ் கடையில் சொன்னார்கள். ஏழாயிரத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்கள். வீலில் ஒரு கீறல் கிடையாது. பைக்கின் முன் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் 5 போல்ட்டில் 4 வந்துவிட்டன, ஒன்று மட்டும் வரவில்லை. அந்த ஒன்றுக்காக நல்ல வீலைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. அதே வீல்தான் இன்றைக்கும் என் வண்டியில் ஓடுகிறது. இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு யாராவது புது வீலுக்குப் பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு மெலிந்தால் மாற்ற வேண்டும் என்று அந்தத் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். வெர்னியரில் அளந்தேன், அதற்கும் கீழே போயிருந்தது. புது டிஸ்க்கும் பிரேக் பேடும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். வேலை பார்த்த தம்பி எடுத்த ஆலன் கீ, முனை உருண்டையாக இருக்கும் வகை. அதுவும் விளிம்பெல்லாம் மழுங்கிப் போனது. சாய்வாக நுழைத்துச் சுற்றுவதற்கு அது வசதிதான், ஆனால் இறுகிய போல்ட்டைத் தளர்த்த அது உதவாது. குழிக்குள் ஆறு பக்கமும் முழுசாகப் பதியாமல் மேலோட்டமாகத்தான் பிடிக்கும். "தம்பி, கொஞ்சம் சூடு காட்டிட்டுத் திருப்புங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னேன். "அதெல்லாம் வந்துரும் சார்" என்று கீ மேல் ஒரு பைப்பை மாட்டி இழுத்தார். டக்கென்று ஒரு சத்தம். போல்ட் அசையவில்லை. உள்ளே இருந்த அறுகோணம் வட்டமாகிவிட்டது.

எங்கள் ஊர் செங்கோட்டை. தென்மேற்குப் பருவம் வந்துவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் விடாமல் அடிக்கும், வண்டி காய்வதே இல்லை. வீலின் நடுப்பகுதியான அலுமினிய ஹப்புக்குள் இரும்பு போல்ட், நடுவே ஈரம். இது போதும், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி, கரைந்த அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மரையை உள்ளேயிருந்து நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதோடு டிஸ்க் போல்ட்டில், தானாகத் தளராமல் மரையைப் பிடித்துவைக்கும் திரெட்லாக் பசை வேறு இருக்கும். பிரேக் சமாச்சாரம் என்பதால் அது இருந்தாக வேண்டும். ஆக, இந்த போல்ட் முரட்டு பலத்துக்கு வராது. சூடும் அதிர்ச்சியும் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும்.

வீலைக் கழற்றி ஒரு பழைய டயர் மேல் படுக்கப்போட்டு வீட்டிலேயே முயன்று பார்த்தேன். 5 மி.மீ. ஆலன் குழி தேய்ந்திருந்தால் நட்சத்திர முனை கொண்ட டி-30 டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். நானும் இறக்கினேன். நன்றாகவே பிடித்தது. இம்பாக்ட் டிரைவரைப் பொருத்தி மேலே ஓங்கி அடித்தால், அழுத்தமும் திருப்பமும் ஒரே நேரத்தில் விழும். கிராங்க் கவர் ஸ்க்ரூவெல்லாம் இதற்கு மறுபேச்சில்லாமல் வந்துவிடும். இந்த போல்ட் வரவில்லை, டார்க்ஸ் பிட்டும் குழியைச் செதுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

அப்புறம் சூடு. வலுவான சிவப்பு திரெட்லாக் இளக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். ஹப்பையே அந்த அளவுக்குச் சூடாக்கினால் பேரிங்கில் இருக்கும் ரப்பர் சீலும் கிரீசும் போய்விடும். அதனால் சால்டரிங் அயர்னின் முனையைக் குழிக்குள் வைத்து போல்ட்டை மட்டும் சூடாக்கப் பார்த்தேன். சின்ன போல்ட்டுக்கு இது அருமையான வழி. ஆனால் இங்கே டிஸ்க் ஒரு பக்கம், அலுமினிய ஹப் ஒரு பக்கம் என்று சூட்டை இழுத்துக்கொண்டே இருந்தன. துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் அடித்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். பழைய டிஸ்க் என்பதால்தான் அதைச் செய்தேன். திரும்ப மாட்டப்போகிற டிஸ்க் என்றால் எண்ணெயை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில், எதிர்ப்பக்கமாகச் சுற்றும் டிரில் பிட் இருக்கிறதா என்று கேட்டேன். துளை போடும்போதே போல்ட்டைக் கழற்றும் திசையில் தள்ளும் பிட் அது. அங்கே இல்லை. "ஈஸி அவுட் இருக்கு அண்ணாச்சி, கொண்டு போங்க" என்றார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. நீங்களும் யோசித்து வாங்குங்கள். ஈஸி அவுட் என்பது போல்ட்டில் துளை போட்டு, உள்ளே விட்டுத் திருகிக் கழற்றும் கருவி. அது கடினப்படுத்திய எஃகு, லேசாகக் கோணினால்கூட ஒடிந்துவிடும். உள்ளே ஒடிந்துவிட்டால் அதைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது. அரித்துப் பிடித்த போல்ட்டில் அதை விட்டுத் திருகினால், சர்வீஸ் கடையில் சொன்னபடி வீலை மாற்ற வேண்டிய நிலைமை நிஜமாகவே வந்துவிடும்.

செங்கோட்டைக்காரர்களுக்கு ஒரு வேலை கிழக்கே நடக்காவிட்டால் மேற்கே போவது வழக்கம். 1956 நவம்பர் வரை எங்கள் ஊரே திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது. வீலைச் சாக்கில் கட்டிக்கொண்டு கொல்லம் ரயிலில் ஏறி, பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை தாண்டிப் புனலூரில் இறங்கினேன். லாரி வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறையை நண்பர் சொல்லி வைத்திருந்தார்.

பட்டறைச் சேட்டன் சாக்கைப் பிரித்து, குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "ஹெட் களயாம், பாக்கி தானே வரும்" என்றார். தலையை எடுத்துவிடலாம், மிச்சம் தானாக வரும் என்கிறார். எனக்கு உயிர் வந்தது.

விஷயம் இதுதான். ஒரு போல்ட்டை முறுக்கும்போது போடும் பலத்தில் கிட்டத்தட்டப் பாதி, தலைக்கு அடியில் ஏற்படும் உராய்விலேயே போகிறது. போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு நிற்கிறது. தலையை எடுத்துவிட்டால் அந்த இழுப்பு முழுசாக விட்டுப்போகும், மரையை நெருக்கிக்கொண்டிருந்த பாரமும் குறைந்துவிடும். மிச்சம் இருப்பது அரிப்பும் பசையும் மட்டும்தான்.

முதலில் பேரிங் துளையை டேப் ஒட்டி மூடினார். இரும்புத் தூள் உள்ளே போனால் அது தனிச் செலவு. வீலை பில்லர் டிரில்லின் மேடையில் ஆடாமல் கட்டினார். ஆலன் குழி நடுவில் இருப்பதால் பிட் தானாகவே மையத்தில் உட்கார்ந்தது. 4 மி.மீ., 6 மி.மீ., கடைசியில் 8 மி.மீ. என்று மெதுவாகப் பெரிதாக்கினார். போல்ட் எம்8 என்பதால் 8 மி.மீ. பிட் தண்டின் அகலத்துக்குச் சரியாக வரும். ஆழம் தலையின் உயரம் வரைக்கும்தான், அதற்குக் கீழே போகக்கூடாது. நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி எண்ணெய் விட்டார். திடீரென்று தலை மோதிரம் மாதிரி கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்றியது. டிஸ்க்கைக் கையாலேயே தூக்கி எடுத்தார்.

ஹப்பில் மொட்டையாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பேரிங் மேல் ஈரத்துணியைச் சுற்றி, அந்தத் தண்டுக்கு மட்டும் சின்ன டார்ச்சில் நெருப்புக் காட்டினார். பசை கருகும் வாடை வந்தது. வைஸ் கிரிப்பைப் பூட்டினார். ஒரேயடியாகக் கழற்றவில்லை. கால் சுற்று கழற்றும் பக்கம், கொஞ்சம் இறுக்கும் பக்கம், மறுபடி கழற்றும் பக்கம். கரகரவென்று வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நாலைந்து சுற்றுக்கு மேல் விரலாலேயே சுற்றி எடுத்து என் கையில் கொடுத்தார். ஏழாயிரம் ரூபாய் வீல் தப்பித்தது. கூலி 200 ரூபாய்தான் கேட்டார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மாட்டேன் என்றவரை வற்புறுத்தித்தான் வாங்க வைத்தேன்.

மரை வெட்டும் கருவியான டேப்பை (எம்8க்கு 1.25 பிட்ச்) ஒருமுறை விட்டு மரையைச் சுத்தம் செய்தோம். மரை கெட்டுப்போனால் உள்ளே வைக்கும் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் போடத் தேவைப்படவில்லை.

புது போல்ட்டில் ஒரு எச்சரிக்கை. துரு பிடிக்காது என்று சிலர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை நீட்டுவார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் இழுவிசைத் தாங்கும் திறன் 700 மெகாபாஸ்கல். 10.9 என்று தலையில் பொறித்த எஃகு போல்ட் 1,000 மெகாபாஸ்கல் தாங்கும். பிரேக் டிஸ்க்குக்கு வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் போல்ட்டை மட்டும் வாங்குங்கள். கடையில் இல்லையென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருங்கள். நான் ஐந்தையும் புதிதாகவே போட்டேன்.

மாட்டும்போது நீல நிற திரெட்லாக் ஒரு சொட்டு, எதிரெதிராக இறுக்கிக் கடைசியில் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்). டிஸ்க்கை பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைத்துவிட வேண்டும், கைரேகைகூட இருக்கக்கூடாது. இன்னொன்று, புது பேட் போட, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். முதலில் பிடிக்கும்போது லீவர் வெறுமனே உள்ளே போகும், பிரேக்கே இருக்காது. அது கெட்டிப்படும் வரைக்கும் நின்ற இடத்திலேயே திரும்பத் திரும்ப அழுத்துங்கள். அதற்கு முன்னால் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்காதீர்கள்.