“முகவரி 1-ல் சாதனத்தைக் காணோம்”: ஈதர்நெட் ஃபையோடு பட்ட பாடு

புது போர்டில் மெயின்லைன் லினக்ஸ் (போர்டுக்காரர்கள் கை வைக்காத பொது லினக்ஸ்) பூட் ஆகிவிட்டது. சீரியல், இஎம்எம்சி (போர்டிலேயே இருக்கும் சேமிப்புச் சிப்) எல்லாம் சரி. ஈதர்நெட்தான் படுத்திவிட்டது. கெர்னல் லாகில், முகவரி 1-ல் எம்டிஐஓ சாதனத்தைக் காணோம் என்று ஒரே வரி. அந்தச் சாதனம்தான் ஃபை, அதாவது ஈதர்நெட் கேபிளோடு பேசும் சிப். எம்டிஐஓ என்பது கெர்னல் அதன் ரிஜிஸ்டர்களைப் படிக்கும் தடம். போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் எம்டிஐஓ நோடு, அதற்குள் ஃபை, மேக் (பிராசசர் பக்கத்து ஈதர்நெட் பகுதி) பக்கம் ஃபையைச் சுட்டும் ஃபை-ஹேண்டில், எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

இதில் கடுப்பு என்னவென்றால், கெர்னலை நெட்வொர்க் வழியாக ஏற்றினால் ஈதர்நெட் ஓடும். இஎம்எம்சியிலிருந்து ஏற்றினால் ஓடாது. துப்பு கிடைத்ததும் அங்கேதான். நெட்வொர்க் பூட் என்றால் கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட்டே ஃபையை ரீசெட்டிலிருந்து விடுவித்துவிடும். இஎம்எம்சி என்றால் அது ஃபை பக்கமே போகாது. போர்டுக்காரர்கள் தந்த டிடிஎஸ்ஸில் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) ரீசெட் பின் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கேட்டால், “எங்கள் கெர்னலையே போடுங்கள்” என்று பதில்.

சரி, எந்தப் பின் ரீசெட் என்று சொல்லும் ரீசெட்-ஜிபிஐஓஸ் வரியை ஃபை நோடில் சேர்த்தாயிற்று. மறுபடி அதே வரி! நான் போட்ட கெர்னல் முதலில் ஃபையின் 2, 3 ரிஜிஸ்டர்களைப் படித்து ஃபையின் ஐடியைத் தேடுகிறது. ஃபை நோடில் எழுதிய ரீசெட்டை அது தொடுவது அதற்கப்புறம்தான். தூங்குகிறவனை எழுப்பாமலே பெயர் கேட்கிற கதை. எல்லா பிட்டும் 1 என்று வர, ஆளில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஐடியை ஃபை நோடின் கம்பேட்டிபிளிலேயே (இது எந்தச் சிப் என்று சொல்லும் வரி) எழுதிவிட்டால் கெர்னல் படித்துப் பார்க்காது. ஆனால் அடுத்த ரிவிஷனில் வேறு சிப் வந்தால் வம்பு. அதனால் ரீசெட்டை எம்டிஐஓ நோடுக்கே ஏற்றினேன். அங்கே இருந்தால் தேடலுக்கு முன்பே ரீசெட் விடுபடும். தாமதத்தை மைக்ரோசெகண்டில் எழுத வேண்டும்: டேட்டாஷீட்டில் 10 மில்லிசெகண்ட் என்றால் இங்கே 10000. சோதிக்கும்போது பவரைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள். வெறும் ரீபூட்டை நம்ப முடியாது, ஃபை முன்பே விழித்திருக்கலாம்.

அப்புறம் லிங்க் 1000 எம்பிபிஎஸ்ஸில் வந்தது, பிங் போகவில்லை. சிஆர்சி பிழை (தரவு சிதைந்து வருவதன் எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. மேக்கும் ஃபையும் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று சொல்வது ஃபை-மோடு; பழைய டிடிஎஸ்ஸில் அது வெறும் ‘ஆர்ஜிஎம்ஐஐ’. அப்படி எழுதினால் கிளாக் தாமதத்தை போர்டின் தடங்களே தருகின்றன என்று பொருள். இந்த போர்டில் அப்படி எதுவும் இல்லை. அவர்களுடைய டிரைவர் கமுக்கமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. ‘ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி’ என்று மாற்றியதும் இரு திசையிலும் சுமார் 2 நானோசெகண்ட் தாமதத்தை ஃபையே சேர்த்தது, பிங் பிய்த்துக்கொண்டு போனது.

டிவைஸ் ட்ரீ விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் டிடிபிஎஸ்-செக்கில் ஒரே ஒரு புகார்: நோடின் பெயர் ‘ஃபை’ என்று இருக்கக் கூடாதாம், ‘ஈதர்நெட்-ஃபை’ என்று இருக்க வேண்டுமாம். மாற்றிவிட்டு பேட்சை அனுப்பிவிட்டேன்.