பதினோராம் மாடி: ஒரு விற்பனை நாட்குறிப்பு

2 மார்ச் 2025, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் இருந்து கதைத்து முடிவெடுத்துவிட்டோம். கொண்டோவை, அதாவது எங்கள் அடுக்குமாடி வீட்டை, விற்கிறோம். கனடாவின் ரொறன்ரோவில், ஸ்காபரோ டவுன் சென்டருக்குப் பக்கத்தில், பதினோராம் மாடி, இரண்டு அறை, 850 சதுர அடி. 2011இல் 268,000 டொலருக்கு வாங்கினோம்.

அம்மாவும் மகளும் ஒரே அறையில் படுக்கிறார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கென்று ஒரு கதவு வேண்டும். என் கணவருடைய வேலை, ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஏஜாக்ஸுக்கு மாறி இரண்டு வருடமாகிறது. அப்புறம் ரயில். இந்த இடத்தை வாங்கியதே ரயிலுக்காகத்தான். 1985இலிருந்து ஓடிய ஸ்காபரோ ஆர்டி ரயில், 2023 யூலை 24 அன்று பின்பெட்டி தடம்புரண்டதோடு நின்றது, திரும்ப ஓடவேயில்லை. இப்போது கென்னடி ரயில் நிலையம் வரைக்கும் பஸ். சுரங்க ரயில் வேலை நடக்கிறதுதான், ஆனால் பனியில் தரிப்பிடத்தில் நிற்கிற அம்மாவுக்கு அது எந்தக் காலத்தில் உதவும்?

இவர் ஒரு எண்ணை மனதில் வைத்திருக்கிறார்: 718,000. 2022 பெப்ரவரியில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே, இதே அமைப்புள்ள வீடு அந்த விலைக்குப் போனது.

9 மார்ச், ஞாயிறு

முகவர் தம்பி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்க்க முதலே மடிக்கணினியைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினார். எங்கள் கட்டடத்தில் 07 என்று முடிகிற வீடுகள் எல்லாம் ஒரே அமைப்பு, ஒன்றின் மேல் ஒன்று. எங்களுடையதையும் சேர்த்தால் அந்த வரிசையில் மட்டும் இப்போது நான்கு வீடுகள் விற்பனைக்கு நிற்கின்றன. கட்டடம் முழுக்கப் பதினேழு. கடைசி மூன்று மாதத்தில் விற்றது மூன்றே மூன்று.

“அக்கா, ரொறன்ரோ சந்தை எப்படி என்று செய்தியில் சொல்வதை விடுங்கோ. உங்கட சந்தை இந்தப் பதினேழு வீடுதான்,” என்றார். மாதம் ஒன்று விற்றால், பதினேழும் போக ஒன்றரை வருடம் எடுக்கும். வாங்க வருகிறவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

கடைசியாக எங்கள் வரிசையில் விற்றது, பெப்ரவரியில், 551,000. இவர் எழும்பிப் போய் பால்கனியில் நின்றார். நான் பின்னால் போகவில்லை. ஒரு எண்ணை மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தால் அது நம்முடைய காசு என்றே ஆகிவிடுகிறது. அதை விடக் கொஞ்ச நேரம் வேண்டும்.

12 மார்ச், புதன்

மத்திய வங்கியான கனடா வங்கி வட்டியை 2.75 வீதத்துக்குக் குறைத்திருக்கிறது. அண்ணா உடனே தொலைபேசி எடுத்தார்: “இனி விலை ஏறும், அவசரப்படாதே.”

நான் அப்படி நினைக்கவில்லை. 2022 மார்ச்சுக்கு முன் அந்த வட்டி 0.25. அதை வைத்துத்தான் எத்தனையோ பேர், கட்டாத கட்டடங்களில் வரைபடத்தைப் பார்த்து இரண்டு மூன்று கொண்டோ பதிந்தார்கள். 2023 யூலையில் 5 வீதத்துக்குப் போய்விட்டது. கட்டடம் முடிந்து வங்கிக்குப் போனபோது மாதக் கட்டணம் வாடகையை விடக் கூட. அதோடு 2024 தொடக்கத்தில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு அரசாங்கம் உச்சவரம்பு வைத்தது, வாடகையும் இறங்கியது. கையில் வைத்திருக்க முடியாதவர்கள் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். வட்டி கொஞ்சம் இறங்கினால் வாங்குகிறவருக்கு உதவிதான், ஆனால் எங்களோடு வரிசையில் நிற்கிற பதினாறு வீடும் எங்கேயும் போகாது.

போதாக்குறைக்கு அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி. வேலை நிலைக்குமா என்று தெரியாதவர் வீடு பார்க்க வரமாட்டார்.

16 மார்ச், ஞாயிறு

எங்கள் வரிசையில் ஆறாம் மாடி வீட்டுக்குத் திறந்த பார்வை நாள், யாரும் போய்ப் பார்க்கலாம். நானும் போனேன். எங்கள் வீடேதான், ஆனால் ஆள் வாழாத வீடு. குசினியில் ஒரு கரண்டி கூட இல்லை. சுவரெல்லாம் வெள்ளை. யன்னல் விளிம்பில் தூசி. கேட்பது 559,000, அறுபத்தெட்டு நாளாக நிற்கிறது.

வந்திருந்த ஒரு சோடி குசினிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு அந்தப் பெண் குனிந்து தொட்டியின் கீழ் அலுமாரியைத் திறந்து கைபேசி வெளிச்சத்தில் பைப்பைப் பார்த்தாள். ஏதோ மெதுவாகச் சொன்னாள். இருவரும் வெளியே போய்விட்டார்கள். எனக்கு வயிறு பிசைந்தது.

வீட்டுக்கு வந்து எங்கள் தொட்டிக்குக் கீழே பார்த்தேன். செம்மஞ்சள் பைப் ஒன்று, நீலப் பைப் ஒன்று, பித்தளைப் பொருத்துகள். பதினான்கு வருடமாக அதன் முன்னால் பாத்திரம் கழுவும் திரவத்தை வைத்து எடுத்திருக்கிறேன்.

22 மார்ச், சனி

குழாய் வேலைக்காரர் வந்து உறுதிப்படுத்தினார். கிட்டெக் என்கிற வகைப் பைப். 1995இலிருந்து 2007 வரைக்கும் இந்தப் பக்கம் கட்டிய எத்தனையோ கட்டடங்களில் இதைத்தான் போட்டார்கள். செம்மஞ்சள் சுடுதண்ணீருக்கு, நீலம் குளிர்தண்ணீருக்கு. பித்தளைப் பொருத்து அரித்து, ஒரு நாள் சொல்லாமல் வெடிக்கும். வழக்குப் போட்டுக் கிடைத்த இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் 2020 சனவரியோடு முடிந்துவிட்டது. நிர்வாகம் இதுவரை எங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. மாதம் 742 டொலர் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற எங்களுக்கு அதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

மாற்ற 6,200 டொலர், சுவர் பூசி முடிப்பதோடு. “விலையில் குறைத்துக் கொடுப்போம்,” என்றார் இவர். தம்பி வேண்டாம் என்றார். வாங்குகிறவர் 6,200 கழிக்கமாட்டார், பயத்தில் இருபதாயிரம் கழிப்பார், இல்லையென்றால் ஆறாம் மாடியில் நான் பார்த்த மாதிரிப் போய்விடுவார். மாற்றுகிறோம். வரிசையில் உள்ள நான்கு வீட்டில் கிட்டெக் இல்லாத ஒரே வீடு எங்களுடையதாக இருக்கும்.

8 ஏப்ரல், செவ்வாய்

இன்று பட்டியலில் போட்டோம். என்ன விலை போடுவது என்பதில் இரண்டு நாள் வாக்குவாதம். 499,000 போட்டு, வாங்குகிறவர்கள் விலை எழுதிக் கொண்டுவர ஒரு இரவு குறித்து, போட்டிக்கு ஆட்களை வரவைப்பது 2021இல் எல்லோரும் செய்தது. இப்போது அந்த இரவில் ஒருவருமே வராவிட்டால் விலையைத் தூக்கித் திரும்பப் போட வேண்டும், அந்த வரலாறு முகவர்களின் திரையில் அப்படியே கிடக்கும். நேரான விலை போடுவோம் என்று நான் சொன்னேன். 564,900.

29 ஏப்ரல், செவ்வாய்

மூன்று கிழமை, ஐந்து பார்வை. நேற்றுத் தேர்தலும் முடிந்தது. ஒவ்வொரு பார்வைக்கும் முன் அம்மா பெருங்காய டப்பாவையும் கருவாட்டையும் காரில் கொண்டுபோய் வைக்கிறா. “என்ர வீட்டில நான் சமைக்கக் களவாய் இருக்க வேண்டிக் கிடக்கு,” என்று சொன்னா. அந்த வார்த்தை எனக்கு வலித்தது. இனிப் பார்வை சனி, ஞாயிறு மட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஆறாம் மாடி 539,000க்கு இறக்கியிருக்கிறது. நாங்களும் 549,900க்கு வந்தோம். இவரே சொன்னார், நான் கேட்கவில்லை.

17 மே, சனி

ஒரு இளம் சோடி. முதல் வீடு. 525,000 எழுதிக் கொண்டு வந்தார்கள். இவருக்கு முகம் சிவந்தது. நான் தாளை எடுத்து அவர்கள் பக்கத்துக் கணக்கைப் போட்டேன். 543,000க்கு வாங்கினால் குறைந்தபட்ச முன்பணம் 29,300. ரொறன்ரோவில் நிலமாற்ற வரி இரண்டு தரம், மாகாணத்துக்கு 7,335, நகரத்துக்கும் 7,335. முதல் வீடு என்பதால் 4,000மும் 4,475மும் திரும்பும். மிச்சம் 6,195 டொலர், சட்டத்தரணி, வீடு மாறும் செலவு எல்லாம் காசாகக் கையில் வேண்டும். இதையெல்லாம் அவர்கள் சம்பளத்தில் சேர்த்திருக்கிறார்கள். எங்களை ஏமாற்றவா அந்த விலையை எழுதினார்கள்?

மூன்று தரம் தாள் போய் வந்தது. இரவு பதினொன்றரைக்கு 543,000. அந்தப் பெண் பைப் மாற்றிய பற்றுச்சீட்டை இரண்டு முறை வாசித்தாளாம்.

27 மே, செவ்வாய்

ஸ்டேட்டஸ் சேர்ட்டிபிக்கேட் வந்தது. நூறு டொலர் கட்டினால் பத்து நாளுக்குள் கொண்டோ நிர்வாகம் தர வேண்டும் என்பது சட்டம். கட்டடத்தின் சேமிப்பு நிதி, வழக்குகள், கட்டாத கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். அவர்களுடைய சட்டத்தரணி வாசித்துச் சரி என்றார், அதைப் பார்த்த பிறகுதான் வாங்குவோம் என்ற நிபந்தனை நீங்கியது. விற்க முடிவெடுத்த அன்றே இதை நாங்கள் எடுத்து வாசித்திருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தைப் பற்றி எங்களுக்கே தெரியாத விடயங்கள் அதில் இருந்தன.

17 யூலை, வியாழன்

இன்று கையளிப்பு. மோர்ட்கேஜ், அதாவது வீட்டுக் கடனின் ஐந்து வருடத் தவணை முடிவதும் இன்றுதான், வேண்டுமென்றே அப்படிக் குறித்தோம். அதற்கு முன் உடைத்திருந்தால் மூன்று மாத வட்டி அபராதம்.

543,000இல் கொமிஷன் 27,150, அதற்கு எச்எஸ்டி என்கிற விற்பனை வரி 3,529.50. வங்கிக்கு மிச்சக் கடன் 138,000. நாங்கள் குடியிருந்த வீடு என்பதால் இலாபத்துக்கு வரி இல்லை, ஆனால் விற்றதை வருமான வரிப் படிவத்தில் கட்டாயம் காட்ட வேண்டும்.

718இலிருந்து பார்த்தால் 175,000 போய்விட்டது. ஆனால் ஏஜாக்ஸில் நாங்கள் பார்க்கிற வீடுகளும் அந்த உச்சத்திலிருந்து இறங்கியிருக்கின்றன, அங்கே நகர நிலமாற்ற வரியும் கிடையாது. இவர் இப்போது அந்த எண்ணைச் சொல்வதில்லை.

காலையில் அம்மா வெறும் வீட்டைக் கூட்டி, யன்னல் விளிம்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வந்தா. அண்ணா வீட்டு நிலவறையில் இரண்டு மாதம் இருக்கப் போகிறோம். சனி இரண்டு மணிக்கு ஏஜாக்ஸில் ஒரு வீடு. அந்தத் தெருவில் கடைசி மூன்று மாதத்தில் விற்றவற்றின் பட்டியலைத் தம்பி இப்போதே அனுப்பியிருக்கிறார்.