வயசான நாய்க்கு மூச்சு வாங்கினா

"வெயில் அதிகம், அதான்"னு விட்டுடாதீங்க. அது அசந்து தூங்கும்போது நெஞ்சைப் பார்த்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்க. ஏறி இறங்கினா ஒரு மூச்சு. கனவுல கால் உதறும்போது எண்ணினா கணக்கு தப்பும். நிமிஷத்துக்கு 30க்குள்ள இருந்தா சரி. தினமும் காலண்டர்ல குறிங்க. மறுபடி எண்ணியும் 30ஐத் தாண்டினா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. இதய வால்வு பழுதாகி நுரையீரல்ல நீர் கோக்க ஆரம்பிச்சா பெரும்பாலும் முதல்ல காட்டிக் கொடுக்கிறது இந்த எண்ணிக்கைதான்.

அந்த நீரை வெளியேத்த டாக்டர் ஃபுரோசமைடுங்கிற மருந்து கொடுத்தா மூத்திரம் நிறைய போகும், தாகமும் எடுக்கும். தரை நனையுதேன்னு தண்ணிக் கிண்ணத்தை மட்டும் எடுத்துடாதீங்க, பாவம், கிட்னி கெட்டுப்போகும்.

வயசான லாப்ரடாருக்குக் குரைப்பு கரகரத்து, மூச்சை உள்ள இழுக்கும்போது சத்தம் வந்தா, குரல்வளை சரியாத் திறக்கலையான்னு பார்க்கச் சொல்லுங்க. கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுத்தி மாட்டுற ஹார்னஸ் போடுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே நடையை முடிச்சிடுங்க.

ஈறு நீலம் பாய்ஞ்சாலோ வெளிறினாலோ, படுக்க முடியாம முழங்கையை அகட்டிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க, பக்கவாட்டுல அமுக்கிப் படுக்க வைக்காதீங்க, அதுக்குத் தோதா இருக்கிற மாதிரியே தூக்குங்க. கிளம்பும்போதே போன் போட்டு ஆக்சிஜன் இருக்கான்னு கேட்டுடுங்க.