நீல மூடி ரோஷ்ஃபோர்

பிரஸ்ஸல்ஸ் வந்து மூன்றாவது நாள் ராத்திரி ரோஷ்ஃபோர் 10 என்ற பெல்ஜிய பீரைத் திறந்தேன். ஊர்ப் பழக்கத்தில் ஃப்ரிட்ஜில் ஜில்லென்று வைத்துவிட்டு முதல் மடக்கு குடித்தால் வெறும் இனிப்பும் கசப்பும்தான், இதற்கா இவ்வளவு பேச்சு என்று எரிச்சலாக வந்தது. சரி என்று கோப்பையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்து எடுத்தேன் பாருங்கள், அப்புறம்தான் வாசனையே கிளம்பியது: உலர்திராட்சை, அத்திப்பழம், லேசாகக் கருகவிட்ட வெல்லப்பாகு, பின்னால் எங்கேயோ மிளகுக் காரம். நிறம் கெட்டி டிகாக்‌ஷன். விளக்குக்கு நேரே பிடித்தால் ஓரத்தில் மட்டும் செம்பழுப்பு.

33 சென்டிலிட்டர்தான், ஆனால் ஆல்கஹால் 11.3 சதவீதம். பெயரில் உள்ள 10-ஐ அந்தச் சதவீதம் என்றே நினைத்திருந்தேன். இல்லை, புளிக்க வைக்கும் முன் மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றின் அடர்த்தியைச் சொல்லும் பழைய பெல்ஜியக் கணக்கு அது. காய்ச்சுவது ரோஷ்ஃபோர் ஊரில் உள்ள டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகளின் மடம். தவம் செய்கிற இடத்தில் இப்படி ஒரு சரக்கு!

பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் மறுபடி வேலை செய்வதால் அடியில் வண்டல் தங்குகிறது. விட்டிருக்கலாம், ஆசையில் அதையும் ஊற்றினேன், கலங்கிப்போய் ரொட்டிமாவு வாடை அடித்தது.

என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. கடைசி இரண்டு மடக்கில் திகட்டியதற்கு ஒன்று குறைத்தேன். இன்னொரு பாட்டில் அலமாரியில் இருக்கிறது, இன்றைக்கு அதைத் தொட தைரியம் இல்லை.