நிற்கும்போதுதான் கனம்

2024 நவம்பர் 9, சனி

வாசல் சரிவு வேலை இன்றோடு முடிந்தது. முன்பு கேட்டைத் தாண்டியதும் சட்டென்று ஏறும். கொத்தனார் அதை உடைத்து, போர்டிகோ வரை நீளமாக இழுத்து, கம்பியை அழுத்தி நெருக்கமாக வரி போட்டுக் கொடுத்திருக்கிறார். மழையிலும் டயர் வழுக்காது.

ஹோண்டாவின் பெரிய பைக்கான கோல்டுவிங் வந்த பிறகு இந்த வீட்டில் நடந்த முதல் மாற்றம் இதுதான். 2018 மாடல், டூர் வகை. கிளட்ச் லீவர் இல்லாத ஏழு கியர் டிசிடி, அதாவது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் இரட்டைக் கிளட்ச். பெட்ரோலோடு சேர்த்து 380 கிலோவுக்குப் பக்கம் வரும். சீட் உயரம் 745 மில்லிமீட்டர்தான், சமதரையில் இரண்டு காலும் நன்றாக ஊன்றும். தரை சாய்ந்தால் கதை வேறு. தாழ்வான பக்கத்துக் கால் தரையைத் தேடும். அது கிடைப்பதற்குள் வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எந்த மனிதனாலும் பிடிக்க முடியாது.

இன்னொன்று. டிசிடி வண்டியை அணைத்ததும் தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். மற்ற பைக்குகளில் முதல் கியரில் போட்டுச் சரிவில் விட்டுவிட்டுப் போவோமே, அது இதில் நடக்காது. கைப்பிரேக்கைப் போட்டே ஆக வேண்டும். ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாடம்: கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் வண்டியைத் தொடக் கூடாது.

நவம்பர் 24, ஞாயிறு

காங்கேயத்தில் நண்பரின் கொப்பரைக் களம். மழைக்காலம் என்பதால் காலியாகக் கிடக்கிறது. அகலமான சிமெண்ட் தரை, சுற்றிலும் தென்னை. காலை முழுக்க அங்கேதான் பழகினேன்.

செங்கல் வைத்து எட்டுப் போடுவதுதான் முக்கியப் பயிற்சி. டிசிடியில் கிளட்ச் லீவர் கிடையாது என்பதால், மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கை லேசாக மிதித்தபடியே த்ராட்டில் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும்போது வண்டி நிமிர்ந்து நிற்கிறது. பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும், செங்கலைப் பார்த்தால் செங்கலுக்குத்தான் போகும். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பெரிய வண்டிகள் கீழே விழுவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இல்லை, நடை வேகத்தில் இப்படித்தான்.

அப்புறம் தூக்கும் பயிற்சி. பழைய மெத்தையை விரித்து, மூன்று பேர் பிடித்து மெல்லச் சாய்த்தோம். முழுசாகப் படுப்பதில்லை. முன்னால் என்ஜினும் பின்னால் பெட்டிக்குக் கீழே உள்ள கம்பியும் தாங்கி, பாதிச் சாய்விலேயே நின்றுவிடுகிறது. இக்னிஷனை அணைத்து, கைப்பிரேக் போட்டு, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். பிறகு வண்டிக்கு முதுகு காட்டி, சீட் விளிம்பில் பிட்டத்தை அழுத்தி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் மறு கை பின் கம்பியிலுமாகப் பிடித்து, காலை உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். தூக்குவது கால்கள், இடுப்பு அல்ல. நண்பரின் மகள் கல்லூரியில் படிக்கிற பெண், அவளும் தூக்கிவிட்டாள்.

ஜப்பானில் 400 சிசிக்கு மேல் போனால் தனி உரிமம் வாங்க வேண்டும். நம் ஊரில் 100 சிசி வண்டி ஓட்டுகிறவருக்கும் 1833 சிசி வண்டி ஓட்டுகிறவருக்கும் ஒரே உரிமம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பழகாமல் இருப்பது சரியில்லை. பெரிய வண்டி வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு களத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. வண்டியை எடுக்கவில்லை. டயரில் காற்று மட்டும் பார்த்தேன். முன்னால் 36, பின்னால் 41. பங்க்கில் கேட்டால் சின்ன பைக் கணக்கில் அடித்துவிடுகிறார்கள், அதனால் வீட்டிலேயே ஒரு பம்ப்.

டிசம்பர் 14, சனி

கோவையிலிருந்து சேலம், மாலையில் திரும்பினேன். இந்தச் சாலையில்தான் வண்டியின் அருமை தெரிகிறது. காலை ஊன்றி நிற்கும்போது இருந்த கனம், நடை வேகத்தைத் தாண்டியதுமே எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாக இருபுறமும் படுத்திருக்கின்றன. எதிரெதிரே அசைவதால் அதிர்வு ஒன்றை ஒன்று தின்றுவிடுகிறது, என்ஜினின் எடையும் தாழ்வாக இருக்கிறது. பெட்ரோல் டேங்க்கும் முழங்கால்களுக்கு நடுவே இல்லை, சீட்டுக்கு அடியில். 1975-இல் நான்கு சிலிண்டரோடு முதல் கோல்டுவிங் வந்தபோதே அப்படித்தான் வைத்தார்கள். அந்த முதல் வண்டிக்குக் காற்றைத் தடுக்கும் முன்கண்ணாடியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. வாங்கியவர்கள் வெளியே வாங்கி மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் 1980-இல் கம்பெனியே மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. ஓட்டியவர்கள்தான் இந்த வண்டியை டூரிங் வண்டியாக்கினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எனக்கு அலுக்காத காட்சி ஒன்று உண்டு. முன் சக்கரத்தைத் தாங்க வழக்கமான ஃபோர்க்குக்குப் பதிலாக இதில் கார் போல இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு கைகள். ஹேண்டில்பாரையும் முன் சக்கரத்தையும் இணைக்கும் தண்டுகள் கண் முன்னேயே தெரியும். ஒட்டுப்போட்ட சாலையில் போகும்போது அவை விடாமல் குதிக்கின்றன, கையில் பிடித்திருக்கும் ஹேண்டில்பார் அசையாமல் இருக்கிறது. பள்ளத்தைக் கண்ணால் பார்க்கிறேன், மணிக்கட்டில் படவில்லை.

ஒரு சுங்கச்சாவடியில் மட்டும் சிரமம். பைக்குக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரத்துச் சந்தில் போகச் சொல்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகல வண்டிக்கு அந்தச் சந்து இறுக்கம், அதிலும் மணல் குவிந்து கிடந்தது. நேராக நிமிர்த்தி, பிரேக்கே தொடாமல் ஊர்ந்து கடந்தேன்.

2025 ஜனவரி 18, சனி

மனைவியோடு வால்பாறை. ஆளும் பெட்டியும் சேர்ந்து 500 கிலோவைத் தாண்டியிருக்கும். ஆழியாறு தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம், மொத்தம் நாற்பது கொண்டை ஊசி. ஒவ்வொன்றிலும் எண் பலகை.

மலையில் நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: வளைவுக்குள் நிற்கக் கூடாது. மேலிருந்து பஸ் இறங்குகிற சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் ஒதுங்கிவிட வேண்டும். பஸ்ஸுக்குத் திரும்ப முழுச் சாலையும் தேவை, டிரைவர்கள் அதை உரிமையோடு எடுத்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. ஏற்றத்தில் மறுபடி கிளம்பும்போது வண்டியே கொஞ்ச நேரம் பிரேக்கைப் பிடித்துத் தருவதால் பதற்றமில்லை.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை நீலமாகத் தெரிய, சுவரோரம் இரண்டு வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கார்கள் தாறுமாறாக நின்றதால் நிறுத்தவில்லை, மெதுவாகப் பார்த்துக்கொண்டே கடந்தோம்.

மேலே ஒரு டீக்கடை. வாசல் முழுக்க ஜல்லி, சாலையை நோக்கிச் சரிவு. நிறுத்தாமல் தாண்டினேன். “டீ வேணும்னு சொன்னேனுங்களே?” என்றாள் மனைவி. அடுத்த கடைக்கு எதிரே சமமான தார்த் தரை இருந்தது, அங்கே நிறுத்தினேன். டீ போட்டவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “லிட்டருக்கு எவ்வளவு குடுக்குமுங்க?” என்றார். பதினெட்டுக்குப் பக்கம், மலையில் குறையும் என்றேன். கிளம்பும்போது நடை மோடில் போட்டுப் பட்டனை அழுத்தினேன். வண்டி தானாகப் பின்னால் ஊர்ந்தது. “அட, ரிவர்ஸ் போகுதுங்க!” என்று உள்ளே இருந்த எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்.

திரும்பி வந்து இறங்கியதும் மனைவி சொன்னது: “காருல போனாக்கூட எனக்கு இடுப்பு வலிக்குதுங்க, இதுல வலிக்கறதில்லை.” பின்சீட்டில் முதுகுக்கும் கைக்கும் சாய்மானம் இருக்கிறது. இந்த வண்டியின் நல்ல இருக்கை அவளுடையதுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது. நேராகவே அதிகம் ஓடினால் அப்படித்தான். 200/55 ஆர்16, கடைத்தெருவில் கிடைக்கிற அளவு இல்லை. சொல்லி வைத்திருக்கிறேன், வர நாளாகும்.

அடுத்து சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் ஏறி மைசூரு போக ஆசை. இருபத்தேழு வளைவு, லாரிகள் அதிகம், வளைவிலேயே நின்றுவிட்டால் பின்னால் நிற்பவர்களுக்கும் ஒதுங்க இடமில்லை. அதனால் முதலில் நண்பரின் காரில் ஒரு தடவை போய், எங்கெங்கே ஒதுங்கலாம் என்று குறித்துக்கொண்டு வரப்போகிறேன். புது டயரோடு பைக்கில் போவது அதற்கு அப்புறம்.