பிஎஸ்5-இல் பழைய ஜி27: சுற்றியது, ஓடவில்லை

பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோல் வீட்டுக்கு வந்த அன்றே, பரணில் கிடந்த லாஜிடெக் ஜி27-ஐ, கார் பந்தய கேம் ஆடும் ஸ்டியரிங் வீலை, இறக்கித் தூசி தட்டினேன். மேசை விளிம்பில் கிளாம்பைத் திருகி, பெடல் ஒயரையும் கியர் ஷிஃப்டர் ஒயரையும் அடியில் மாட்டி, பவர் கொடுத்து, யூஎஸ்பியைக் கன்சோலில் செருகினேன். வீல் தானாக இடப்பக்கம் முட்டும் வரை சுற்றியது. பிறகு வலப்பக்கம். அப்புறம் நடுவுக்கு வந்து நின்றது. "அட, வேலை செய்யுதே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வேலை செய்யவில்லை. திரையில் ஒரு அசைவும் இல்லை. பட்டன்களை அமுக்கிப் பார்த்தேன், பெடலை மிதித்துப் பார்த்தேன், யூஎஸ்பியை முன்பக்கத் துளையிலிருந்து எடுத்துப் பின்பக்கத் துளையில் மாற்றிப் பார்த்தேன். கேமுக்குள் போய் ஸ்டியரிங் அமைப்புகளைத் திறந்தால், வீல் எதுவும் இணைக்கப்படவில்லை என்கிறது. மேசையில் இருப்பதோ நாலு கிலோ எடையில் ஒரு வீல்.

அந்தச் சுற்றல்தான் என்னை ஏமாற்றியது. அது வீல் தனக்குத்தானே செய்துகொள்ளும் அளவு பார்ப்பு. இந்த ஓரம் எங்கே, அந்த ஓரம் எங்கே, நடு எங்கே என்று உள்ளே இருக்கும் சிப் பார்த்துக்கொள்கிறது. கன்சோல் அதை ஏற்றுக்கொண்டதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய வீல் வைத்திருக்கும் பலர் இந்த இடத்தில்தான் "ஓடுகிறது, ஆனால் ஏதோ செட்டிங் சரியில்லை" என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறார்கள். நான் ஒன்றரை நாள்.

காரணம் புரிய கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. ஜி27 என்பது பிஎஸ்3 காலத்து வீல். பிஎஸ்3-க்கு யூஎஸ்பியில் எதைச் செருகினாலும் பெரிதாகக் கேள்வி கேட்காது. சாதாரண கணினி கேம்பேடைக்கூட ஏற்றுக்கொள்ளும். 2013-இல் பிஎஸ்4 வந்தபோது அந்தத் தாராளம் போய்விட்டது. செருகிய கருவியிடம் கன்சோல் ஒரு ரகசியக் கேள்வி கேட்கும். கன்சோல் செய்யும் சோனியிடம் உரிமம் பெற்ற கருவிக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப் அதற்குச் சரியான கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அந்தச் சிப் என் வீலில் இல்லை. அது செய்யப்பட்ட காலத்தில் அதைக் கேட்கவே ஆள் இல்லை. ஆக, மோட்டார் நன்றாக இருந்தும், கியர் தேயாமல் இருந்தும், தோல் உறை உரியாமல் இருந்தும் பயனில்லை. சாவி இல்லாத வீடு மாதிரி.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பக்கமும் இதே கதைதான். எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து வயர்லெஸ் வீல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓடாது. ஆனால் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக வந்த வீல்கள் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் இரண்டிலும் அப்படியே ஓடும். என் நண்பர் ஒருவர் தன் ஜி920 என்ற எக்ஸ்பாக்ஸ் ஒன் வீலைப் பழைய கன்சோலிலிருந்து கழற்றிப் புதியதில் செருகினார், உட்கார்ந்தார், ஓட்டினார். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு வந்த எரிச்சலில்தான் நான் இதை முழுதாகத் தோண்ட ஆரம்பித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தோண்டியதில் தெரிந்தது இதுதான். வீல் எத்தனை வருடப் பழையது என்பது கேள்வியே இல்லை. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் தலைமுறைக்கு முந்தியதா பிந்தியதா என்பதுதான் கேள்வி. 2015-இல் வந்த லாஜிடெக் ஜி29 வீலை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிஎஸ்3, பிஎஸ்4 இரண்டுக்கும் செய்யப்பட்டது. பிஎஸ்5 வெளிவருவதற்குச் சில மாதம் முன்பே, உரிமம் பெற்ற பிஎஸ்4 வீல்கள் பிஎஸ்5 கேம்களிலும் ஓடும் என்று சோனி சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பிஎஸ்4-இன் சொந்த கேம்பேடான டூயல்ஷாக் 4-க்கு அந்தச் சலுகை கிடையாது. பிஎஸ்5-இல் அதை வைத்து பிஎஸ்4 கேம் மட்டும்தான் ஆடலாம். வீட்டுப் பிள்ளை வாசலில் நிற்க, விருந்தாளி உள்ளே போன கதை. இந்த வேறுபாடு பின்னால் எனக்கு வேறு விதத்தில் காலை வாரியது.

சரி, ஜி27-ஐ விட மனசில்லை. மூன்று பெடல், ஆறு கியர் ஷிஃப்டர், ரிவர்ஸ் போட வேண்டுமென்றால் குமிழைக் கீழே அழுத்தி ஆறாவது கியர் பக்கம் தள்ள வேண்டும். அந்த 'டக்' சத்தத்துக்காகவே வைத்திருந்தேன். அடாப்டர் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வீலுக்கும் கன்சோலுக்கும் நடுவில் உட்காரும் ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் ஜி27 பேசுவதைக் கேட்டு, மறுபக்கம் கன்சோல் ஏற்றுக்கொள்ளும் வேறொரு வீல் பேசுவது போல மாற்றிச் சொல்லும். கையெழுத்துக்கு என்ன செய்யும்? அங்கேதான் தந்திரம். நான் வாங்கிய பெட்டியில் ஓர் அசல் டூயல்ஷாக் 4-ஐயும் யூஎஸ்பி கேபிளில் மாட்ட வேண்டும். கன்சோல் கேள்வி கேட்டால் பெட்டி அதை கேம்பேடுக்குத் தள்ளிவிட்டு, வரும் கையெழுத்தைத் தன்னுடையது போலக் காட்டும்.

முதலில் பெட்டியின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு விண்டோஸ் கணினி. அதை முடித்து, பழைய டூயல்ஷாக் 4-ஐத் தேடியெடுத்து, கேபிள் தேடி, எல்லாவற்றையும் மாட்டி, டர்ட் ராலி 2.0 என்ற கார் பந்தய கேமின் பிஎஸ்4 பதிப்பைப் போட்டேன். வீல் அசைந்தது. கார் திரும்பியது. நியூசிலாந்து மண் பாதையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (பாதையின் அதிர்வையும் எதிர்ப்பையும் மோட்டார் மூலம் வீலில் தரும் வசதி) கையை உதற, பத்து வருடத்துக்கு முந்தைய சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது.

சில நிமிடம்தான். ஒரு வளைவின் நடுவில் வீல் திடீரென்று செத்துப்போனது. எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றியது. கார் நேராகப் போய் மரத்தில் மோதியது. கழற்றி மாட்டினேன், மறுபடி ஓடியது, மறுபடி செத்தது. மூன்றாவது தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எட்டு நிமிடம். அந்த எண்தான் துப்புக் கொடுத்தது. பிஎஸ்4 முறையில், கையெழுத்துத் தராத கருவியைக் கன்சோல் உடனே துரத்துவதில்லை. சுமார் எட்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துண்டிக்கும். அப்படியென்றால் கையெழுத்து வரவில்லை. ஏன் வரவில்லை? டூயல்ஷாக் 4-இல் விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது. கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சார்ஜருடன் வந்த மெல்லிய கேபிள். மின்சாரத்துக்கு மட்டும் ஒயர் உண்டு, டேட்டாவுக்கு இல்லை. பழைய கேமராவின் கேபிளை மாட்டினேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒரு மணி நேரம். அசையவில்லை. இதற்காக ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். அடாப்டர் வாங்குகிறவர்கள் வேறு எதைச் சந்தேகப்படுவதற்கும் முன்னால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் கிரான் டூரிஸ்மோ 7 என்ற இன்னொரு கார் கேமின் பிஎஸ்5 பதிப்பைப் போட்டேன். ஓடவில்லை. அப்போதுதான் டூயல்ஷாக் 4 கதை நினைவுக்கு வந்தது. என் அடாப்டர் நிற்பது அந்த கேம்பேடின் கையெழுத்தில். அந்தக் கையெழுத்து பிஎஸ்4 கேம்களுக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். நான் கன்சோல் வாங்கியதே இந்த கேமுக்காக.

அடாப்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது கன்சோல்காரர்களின் அனுமதியோடு நடக்கும் விஷயம் இல்லை. 2023 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் தரப்பு, அனுமதி பெறாத துணைக்கருவிகளைத் தடுக்கத் தொடங்கியது. செருகினால் ஒரு எச்சரிக்கை வரும், இரண்டு வாரம் கழித்து வேலை செய்யாது. அதுவரை ஒழுங்காக ஓடிய கருவிகள் ஒரு அப்டேட்டில் முடங்கின. ஆகவே இன்று ஓடுவது நாளையும் ஓடும் என்ற நம்பிக்கையில் அடாப்டருக்குப் பெரிய தொகை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏற்கெனவே வீட்டில் சும்மா கிடக்கும் வீலுக்கு, பழைய கேம்கள் ஆட என்றால் சரி.

இதற்கு நடுவில் ஜி27-ஐக் கணினியில் மாட்டிப் பார்த்தேன். அங்கே எந்தச் சிக்கலும் இல்லை, ஒரே ஒரு குழப்பம் தவிர. மென்பொருள் எதுவும் போடாமல் செருகினால் அது தன்னை ஜி27 என்று சொல்லிக்கொள்வதே இல்லை. 'டிரைவிங் ஃபோர்ஸ்' என்ற பழைய வீலாக வேடம் போட்டு வருகிறது, மொத்தச் சுழற்சியும் 200 டிகிரிதான். பழைய கேம்களுக்கும் பிடிபடட்டும் என்று வைத்த ஏற்பாடு அது. பழைய லாஜிடெக் கேமிங் சாஃப்ட்வேரை நிறுவியதும் வீல் மறுபடி ஒருமுறை சுற்றி எழுந்து, 900 டிகிரி, ஷிஃப்டர், கிளட்ச் எல்லாவற்றோடும் ஜி27 ஆனது. கணினி யாரிடமும் கையெழுத்துக் கேட்பதில்லை. பழைய வீல்களுக்கு உண்மையான வீடு அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் எனக்கு வேண்டியது பிஎஸ்5. கடைசியில், ஒருவர் உபயோகித்த ஜி29-ஐ வாங்க முடிவு செய்தேன். தேடும்போது பெயர்கள் நன்றாகவே குழப்பின. ஜி29-உம் ஜி920-உம் இயந்திர அளவில் ஏறக்குறைய இரட்டைப் பிறவிகள். ஆனால் முன்னது பிளேஸ்டேஷனுக்கு, பின்னது எக்ஸ்பாக்ஸுக்கு. ஒன்று மற்றதில் ஓடாது. த்ரஸ்ட்மாஸ்டர் என்ற நிறுவனத்தின் வீல்களில் டி150, டி300ஆர்எஸ் பிளேஸ்டேஷன் பக்கம், டிஎம்எக்ஸ், டிஎக்ஸ் எக்ஸ்பாக்ஸ் பக்கம். 2020-இல் வந்த ஜி923 இன்னும் மோசம். ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று பிளேஸ்டேஷனுக்கு, மற்றது எக்ஸ்பாக்ஸுக்கு. விற்பவர் "ஜி923" என்று மட்டும் சொன்னால் போதாது, வீலின் முகத்தில் இருக்கும் பட்டன்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முக்கோணம், சதுரம் இருந்தால் பிளேஸ்டேஷன். அடிப்பகுதியையும் கையில் பிடிக்கும் வீலையும் தனித்தனியாக விற்கும் ஃபனாடெக் நிறுவனத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. பிளேஸ்டேஷன் உரிமம் மோட்டார் இருக்கும் அடிப்பகுதியில் இருக்கும், எக்ஸ்பாக்ஸ் உரிமம் கையில் பிடிக்கும் வீலில் இருக்கும். பாதியை மட்டும் பழையதாக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் கஷ்டம்.

ஜி29 வந்தது. மாட்டினேன். வீல் இடம், வலம், நடு என்று சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை.

வயிற்றில் புளியைக் கரைத்தது. விற்றவரைத் திட்டத் தயாராகிவிட்டேன். அப்புறம் தான் அடிப்பாகத்தின் மேல்புறத்தில் ஒரு சின்ன நகர்த்து சுவிட்ச் கண்ணில் பட்டது. நகத்தால்தான் தள்ள முடியும். ஒரு பக்கம் பிஎஸ்3, மறுபக்கம் பிஎஸ்4. அது பிஎஸ்3-இல் நின்றது. பழைய உரிமையாளர் கணினியில் அப்படி வைத்துத்தான் ஆடியிருக்கிறார் போல. பிஎஸ்5 என்று ஓர் எழுத்தும் அதில் இல்லை, இருக்கவும் முடியாது, வீல் முந்தியது. யூஎஸ்பியைப் பிடுங்கி, சுவிட்சை பிஎஸ்4-க்குத் தள்ளி, மறுபடி செருகினேன். வீலில் இருக்கும் பிஎஸ் பட்டனை அமுக்கியதும் எந்தப் பயனர் ஆடுகிறார் என்று கன்சோல் கேட்டது. என் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். கிரான் டூரிஸ்மோ 7 வீலை உடனே கண்டுகொண்டது. டி150, டி300ஆர்எஸ் வீல்களிலும் இதே மாதிரி சுவிட்ச் உண்டு.

கன்சோல் ஏற்றுக்கொண்ட பிறகும் கேம் ஏற்க வேண்டும் என்பது தனிக் கதை. டர்ட் 5 என்ற கார் கேம் 2020-இல் வந்தபோது அதில் வீலுக்கே ஆதரவு இல்லை, பின்னால் அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். வாங்குவதற்கு முன் அந்தந்த கேமின் வீல் பட்டியலைப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

ஜி29-இல் எனக்குப் பழக நாளெடுத்தது பிரேக்தான். உள்ளே ஒரு ரப்பர் கட்டை வைத்திருக்கிறார்கள். பாதி வரை போகும், அப்புறம் சுவரை மிதிப்பது போல இருக்கும். ஜி27-ஐ மிதித்துப் பழகிய காலுக்கு முதல் வாரம் எந்த வளைவிலும் கார் நிற்கவில்லை. பிரேக் உணர்திறனைக் கேமுக்குள் கூட்டி வைத்ததும் கொஞ்சம் வழிக்கு வந்தது. நாற்காலிக்குச் சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு சாண் பின்னால் போவீர்கள்.

ஜி27 இப்போது அக்கா மகனின் கணினியில் இருக்கிறது. அடாப்டர் மேசை இழுப்பறையில், அந்தக் கேமரா கேபிள் சுற்றியபடியே. ஜி29 பெட்டியில் ஷிஃப்டர் கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும். நான் இன்னும் வாங்கவில்லை. வீலுக்குப் பின்னால் விரலால் இழுக்கும் துடுப்பு போன்ற நெம்புகோலில்தான் கியர் மாற்றுகிறேன். இருந்தாலும் வேகமான வளைவு வந்தால் வலது கை தானாக ஷிஃப்டர் இருந்த இடத்துக்குப் போய்க் காற்றைப் பிடித்துவிட்டுத் திரும்பி வருகிறது.