கொரிட்சியாவின் வேலியும் ஐரோப்பாவின் கடனும்

இத்தாலியின் கொரிட்சியாவுக்கும் ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சாவுக்கும் நடுவே ஒரு சதுக்கம் இருக்கிறது. 1947இல் வரையப்பட்ட எல்லைக்கோடு அதன் குறுக்கே செல்கிறது. ஸ்லோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த 2004இல் அங்கிருந்த வேலியை அகற்றினார்கள். 2020 மார்ச்சில், கொரோனாவுக்கு அஞ்சி, அதே சதுக்கத்தில் மறுபடியும் வேலி போட்டார்கள். பெருந்தொற்று அண்டை நாடுகளைத் தானாகவே நெருங்கவைக்கும் என்று யாரேனும் எழுதினால், எனக்கு அந்த வேலிதான் நினைவுக்கு வருகிறது.

அக்காலத்தில் முகக்கவசம் கேட்டு இத்தாலி விடுத்த வேண்டுகோளுக்கு உறுப்பு நாடுகள் எதுவும் உடனே முன்வரவில்லை. ஜெர்மனியோ மருத்துவப் பாதுகாப்புப் பொருள்களின் ஏற்றுமதிக்கே சில நாள்கள் தடை விதித்திருந்தது. ஏப்ரலில், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன் இத்தாலியிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

எனக்கு வியப்பளிப்பது அடுத்து நடந்ததுதான். கிரேக்கக் கடன் நெருக்கடியின்போது கூட்டுக் கடன் என்ற பேச்சுக்கே இடம்கொடுக்காத ஜெர்மனியின் அப்போதைய தலைமையமைச்சர் அங்கேலா மெர்க்கல், 2020 மே 18 அன்று பிரான்சின் அதிபர் மக்ரோனோடு சேர்ந்து, ஒன்றியத்தின் பெயரால் கடன் வாங்கி 50,000 கோடி யூரோவை மானியமாகப் பகிரலாம் என்று முன்மொழிந்தார். இதை இரக்கம் என்று மட்டும் நான் எண்ணவில்லை; இத்தாலி சரிந்தால் ஜெர்மன் ஆலைகளுக்கு உதிரிபாகமும் குறையும், சந்தையும் குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதோடு, கிரேக்கத்தை நோக்கி வீசப்பட்ட 'ஊதாரித்தனமாகச் செலவழித்தீர்கள்' என்ற குற்றச்சாட்டை ஒரு கிருமியால் நொடித்த நாட்டின்மீது எளிதில் சுமத்த முடியவில்லை. ஜூலையில் நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கும் இரவு பகலாகப் பேரம்பேசியதில் மானியம் 39,000 கோடியாகக் குறைந்தது. ஆனால் உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கும் கடனையும் சேர்த்து 75,000 கோடி யூரோ நிதி உருவாயிற்று. அதற்காக ஒன்றியம் வாங்கிய கடனை 2058 வரை கூட்டாக அடைக்க வேண்டும்.

தடுப்பூசியையும் 27 நாடுகளுக்குமாகச் சேர்த்தே வாங்கினார்கள். தொடக்கத்தில் பிரிட்டனைவிடப் பின்தங்கியதால் கடுமையான வசவு கிடைத்தது உண்மை. ஆயினும் மால்ட்டா போன்ற சிறிய நாடு தனியாக நின்று மருந்து நிறுவனங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.

கொரிட்சியாவின் வேலி சில மாதங்களில் அகற்றப்பட்டது. நோய் உண்டாக்கிய பெரிய இணைப்பு கருவூலத்தில் நிகழ்ந்ததே தவிர, மருத்துவமனையில் அன்று. 2021இல் சுகாதார அவசரநிலைக்கென ஆணையத்துக்குள்ளேயே ஒரு புதிய பிரிவு தொடங்கப்பட்டது. மருத்துவச் சேவையை நடத்துவது அந்தந்த நாட்டின் பொறுப்பு என்று சொல்லும், ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 168ஆம் பிரிவை மட்டும் எவரும் தொடவில்லை.